நாலாவது மைக்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நடந்தது எங்கள் தெரு மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு. அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, அன்று கல்யாணத்தில் பாட்டுப் போட்ட டிஜேயையும் தனியாகப் போய்ப் பார்த்தேன். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றுதான். சொல்லி முடிக்கிறவரை கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவர் தங்கைக்குக் கல்யாணம். ரிசப்ஷனுக்கு டிஜே வைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா முதலில் மசியவில்லை. கடைசியில், "என்னமோ பண்ணித் தொலைங்க. ஆனா எவன் கையிலயும் மைக்கைக் குடுக்கக் கூடாது" என்று இறங்கி வந்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்த வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவள் ஒருத்தி இருந்தாள். அம்மா சீக்கிரம் இறந்துவிட்டதால் தங்கையை இடுப்பில் சுமந்து வளர்த்ததே அவள்தான். பிறகு மனசுக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள். அன்றிலிருந்து அப்பா அவள் பேச்சையே எடுத்ததில்லை. சம்பந்தி வீட்டாரிடம், "எனக்கு ரெண்டே பிள்ளைங்க" என்றார். கடைக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். ரிசப்ஷனில் யாராவது சொந்தக்காரர் மைக்கைப் பிடித்து உளறிவிட்டால்? அதுதான் பயம்.

டிஜேயின் இடம் ஓர் அச்சகத்துக்கு மேல் மாடியில் இருந்தது. ஒரே அறை, சுவர் முழுக்க ஸ்பீக்கர். ஆள் குச்சி மாதிரி இருந்தான். ஆனால் எல்லோரும் கூப்பிடுவது 'இடி' என்று.

"நான் வந்தா முட்டிவலிக்காரங்களும் எழுந்து ஆடுவாங்க சார். கரண்ட் போனாத்தான் உட்காருவாங்க."

திரையில் காட்டுவதற்குக் குடும்பப் படங்கள் கேட்டான். கடைக்காரர் கொடுத்தார். எல்லாம் அக்காவை வெட்டி எடுத்த படங்கள். ஒன்றில் மட்டும் தங்கையின் தோள்மேல் ஒரு கை மிச்சம் இருந்தது.

"இது யாரு கை சார்?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு."

சொன்னதும் காது சுட்டது என்றார்.

இரண்டு நாள் கழித்து இடியிடமிருந்து போன் வந்தது.

"சார், உங்க அக்கா போன் பண்ணாங்க. தங்கச்சிக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு சொன்னாங்க. சேர்த்துடவா?"

இவளுக்கு எப்படித் தெரிந்தது? இவன் நம்பரை யார் கொடுத்தது?

"எனக்கு அக்காவே கிடையாது. ராங் கால். மறுபடி பேசினா வச்சிடு."

"நல்லா சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாங்களே சார்..."

"இல்லன்னு சொல்றேன்ல?"

அக்கா வந்து நிற்கப் போகிறாள் என்று முடிவே கட்டிவிட்டார். அதனால் ரிசப்ஷன் அன்று அவர் மேடைப் பக்கமே போகவில்லை. மண்டப வாசலில் நின்றார். வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்கிற மாதிரி. உண்மையில் அக்கா வந்தால் அப்படியே திருப்பி அனுப்பத்தான். என்ன சொல்லி அனுப்புவது என்றுகூட மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

அக்கா வாசல் வழியாக வரவில்லை.

இடி ஆட்டம் பாட்டமாக ஆரம்பித்தான். மாப்பிள்ளையின் நண்பர்கள் சட்டை நனைய ஆடினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது... ஏழே முக்கால் வரை.

அப்போதுதான் இடி அதைக் கவனித்தான். அவன் கொண்டு வந்தது மூன்று மைக். மைக் வயர்களைச் சொருகுகிற மிக்ஸரில் நாலாவது இடம் காலி. வயரே சொருகவில்லை.

அந்த நாலாவதில், மைக்கில் சத்தம் வந்தால் ஏறி இறங்குகிற பச்சை விளக்கு துடித்தது.

தூசியாக இருக்கும் என்று ஊதிப் பார்த்தான். நிற்கவில்லை. ஏறியது... இறங்கியது... ஏறியது...

யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

பாட்டுச் சத்தம் தானாகக் குறைந்தது. இடி பட்டனைத் தொடவே இல்லை. ஆடியவர்கள் நின்றார்கள்.

"உஸ்ஸ்ஸ்..."

பிறகு, தெளிவாக, ஒரு பெண் குரல்.

"சுண்டு... அழகா இருக்கேடி."

தங்கை சோபாவிலிருந்து எழுந்துவிட்டாள். அவளைச் சுண்டு என்று கூப்பிட்டவள் உலகத்தில் ஒருத்திதான்.

"அக்கா வந்திருக்கேன்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. மூன்று மைக்கும் ஸ்டாண்டில் இருந்தன. பக்கத்தில் யாரும் இல்லை.

மாப்பிள்ளையின் அப்பா நேராக வாசலுக்கு வந்தார்.

"யாருங்க அது? அக்காங்கறாங்க? உங்க வீட்ல அக்கா யாரு?"

தூரத்தில் அப்பா கடைக்காரரையே பார்த்தார்.

கடைக்காரர் சம்பந்தியைப் பார்த்துச் சொன்னார்.

"அப்படி யாரும் இல்ல."

அவர் தலைக்கு மேல் இருந்த ஸ்பீக்கர் லேசாகக் கரகரத்தது.

"சரிடா தம்பி..."

கோபம் இல்லை. அழுகை இல்லை.

"நான் போறேன்."

பச்சை விளக்கு அணைந்தது. பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

யாரோ விளையாடிவிட்டார்கள் என்று சம்பந்தி வீட்டாரைச் சமாளித்து அனுப்பினார்கள். தங்கை மட்டும் எதையும் நம்பவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்தவள், திரும்பிப் பார்க்காமல் அண்ணனைத் தாண்டிப் போனாள்.

மறுநாள் காலையில் கடைக்காரர் அக்காவின் பழைய நம்பருக்குப் போட்டார். மன்னிப்புக் கேட்கத்தான். அத்தான் எடுத்தார்.

"அத்தான்... அக்காகிட்ட குடுங்களேன்."

"போன மாசமே போயிட்டாப்பா. உங்க வீட்டுக்கு நானே வந்து சொன்னேன். அப்படி எங்களுக்கு யாரும் இல்லன்னு உங்க அப்பா கதவைச் சாத்திட்டாரு. உனக்குச் சொல்லலையா?"

பக்கத்து அறையில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்கவில்லை.

"நேத்து... அக்கா குரல் கேட்டுச்சு அத்தான்."

"குரலா?" என்றார் அத்தான். "தொண்டையில புத்துநோய். ஆபரேஷன்ல குரலையே எடுத்துட்டாங்க. கடைசி ஒரு வருஷம் ஒரு வார்த்தை பேசலப்பா. கையைத் தட்டித்தான் எங்களைக் கூப்பிடுவா."

கடைக்காரர் அதோடு விட்டிருப்பார். இடிதான் விடவில்லை. நிகழ்ச்சி முழுவதையும், பாட்டையும் ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாக, மிக்ஸரிலிருந்து பதிவு செய்வது அவன் வழக்கம்.

"சார், ஒரே ஒரு தடவை வந்து கேட்டுட்டுப் போங்க. என்னால தனியா வச்சிருக்க முடியல."

போனார். ஹெட்போனை மாட்டினார். பாட்டு ஓடியது. தானாகக் குறைந்தது. அக்கா குரல் வர வேண்டிய இடம் வந்தது...

எதுவும் இல்லை. வெறும் இரைச்சல். மண்டபமே கேட்ட குரல் அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

கழற்றப் போனார். இடி கையைப் பிடித்துக்கொண்டான்.

"இருங்க சார்."

மேஜைமேல் இருந்த மிக்ஸரில், நாலாவதின் பச்சை விளக்கு ஏறியது.

கடைக்காரருடைய குரல்தான். வாயை மைக்கில் வைத்துப் பேசியதுபோல, எச்சில் விழுங்குகிற சத்தம் உட்பட.

"அப்படி யாரும் இல்ல."

அவர் நின்றது மண்டபத்தின் மறுகோடியில். பக்கத்தில் மைக்கே கிடையாது.

அன்று முழுவதும் நாலாவதில் பதிவாகியிருந்தது அந்த ஒரு வரி மட்டும்தான்.