ஆணி தோண்டப் போய்க் குழியில் சிக்கினேன்

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிய சமயம். எலவனாசூர்கோட்டை அருகே சாலையோரமாக இருந்த எங்கள் கொல்லை நிலத்தில் மண்ணுக்குள் மறைந்துபோன பழைய சத்திரத்தை, இரும்பு இருந்தால் ஒலிக்கும் கருவியோடு ஓர் ஆராய்ச்சியாளர் தேடினார். ஓரிடத்தில் அது விடாமல் கத்தியது.

“கதவு ஆணியா இருக்கும். நாளைக்கு வர்றேன், தோண்டாதீங்கம்மா” என்றார்.

மறுநாள் மறியல்காரர்கள் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டதால் அவர் வரவில்லை. அதைத் தோண்டி எடுத்தால்தான் மல்லாட்டைக் கடலை விதைக்க முடியும், ஈரம் காய்கிறதே என்று நானே தனியாகத் தோண்டினேன். தரை உள்வாங்கி, பழைய நிலவறைக்குள் விழுந்து இடுப்புவரை மண்ணில் புதைந்தேன். அசைந்தால் இன்னும் மண் சரிந்தது. எனக்குக் கூச்ச சுபாவம்; கத்த வாய் வரவில்லை. மண் மார்புவரை ஏறி மூச்சு முட்டிய பிறகே அலறினேன்.

மறியலில் இருந்தவர்கள் கயிற்றோடு ஓடிவந்தார்கள். “இன்னாக்கா, புதையலுக்குக் காவலா குந்திக்கினு இருக்கியா?” என்றபடியே தூக்கினார்கள்.

இப்போது துணையில்லாமல் நான் எங்கும் தோண்டுவதில்லை. உதவி வேண்டுமென்றால் கூச்சம் பார்க்காமல் உடனே குரல் கொடுத்துவிடுகிறேன்.