குளத்தில் முங்கிக் கிடந்த என் வள்ளம்

போன வருஷம் ஆனி மாதம், அணை திறந்து எங்கள் ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த வாரத்தில் நடந்தது இது. பூதப்பாண்டிக்குப் பக்கத்து ஊர் எனக்கு. கதவு, ஜன்னல், நிலை செய்யும் மரவேலைதான் முப்பது வருஷமாகச் சோறு போட்டது.

அதற்கு முந்தைய வருஷம் சாரத்திலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். உள்ளே பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் விரல்களுக்குப் பழைய பிடி வரவில்லை. உளியைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும். வழக்கமாக வேலை கொடுப்பவர்கள் எல்லோரும், "மொதல்ல உடம்பப் பாரும் மேஸ்திரி" என்று அன்பாகச் சொல்லிவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், அந்த அன்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வடசேரியில் ஒருவர், என் உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்வதாக இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

கொடுப்பதற்கு முன் கையை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட நினைத்தேன். அடுத்தவர் வீட்டுக் கதவில் சோதிக்க முடியாது. அதுவும் போக, கதவு கொஞ்சம் கோணினாலும் நாலு பேர் என் முகத்துக்காகப் பேசாமல் இருப்பார்கள். தண்ணீர் முகம் பார்க்காது. அதனால்தான் ஒரு வள்ளம், சின்ன மரப்படகு, செய்யத் துணிந்தேன். மிதந்தால் மறுபடியும் தொழில், மிதக்காவிட்டால் சாமான்களைக் கொடுத்துவிடுவது. இதை மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

மாடியில் அறை கட்டினால் கதவுக்கு ஆகும் என்று அவள் பத்திரமாக வைத்திருந்த அயனி மரப் பலகைகளைத்தான் கேட்டேன். "கெறுக்கு புடிச்சிருக்கா ஒங்களுக்கு?" என்று ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தாள். மறுநாள் அவளே வந்து பலகைகளுக்கு மேலே கிடந்த பழைய சாக்குகளை எடுத்துப் போட்டாள்.

மாசியில் ஆரம்பித்து வைகாசி வரை, வீட்டுப் பின்பக்கம் தகரக் கொட்டகையில் வேலை. கடலோரத்துப் பொழிக்கரைக்குப் போய் வள்ளங்களைத் தொட்டுப் பார்த்து அளவெடுத்தேன், செல்போனில் வீடியோ பார்த்தேன். மீதி எல்லாம் என் சொந்தப் புத்தி. கை மரத்துப்போனால் நிறுத்துவேன், உணர்வு வந்தால் தொடங்குவேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே நூல்கூட நுழையாதபடி இழைத்துச் சேர்த்தேன். என் தொழிலில் ஈரம்தான் எதிரி. எலும்பு மாதிரி காய்ந்த மரம்தான் நல்ல மரம் என்று எத்தனை பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்! அந்தக் கோடை வெயிலில் தகரத்தின் கீழே வள்ளம் நன்றாகக் காய்வதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மினி லாரியில் ஏற்றிக் குளத்துக்குக் கொண்டுபோனோம். தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, நான் மட்டும் ஏறினேன். பத்தடி போயிருப்பேன். காலில் ஈரம் பட்டது. குனிந்து பார்த்தால், ஒரு இணைப்பு பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் தண்ணீர் ஊறி வருகிறது. கையால் இறைத்துப் பார்த்தேன். கரையில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர், "இடுப்பளவு தண்ணிதாம் வே, எறங்கி நில்லும்!" என்று கத்தினார். இறங்கி நின்றேன். என் கண்ணெதிரே வள்ளம் விளிம்பு வரை நிறைந்தது. சிலர் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கை போச்சு, அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஆத்திரத்தில் வள்ளத்தைக் கரைக்கு இழுக்கச் சொன்னேன். மெல்லிய மரச்சீவல்களை எடுத்து, இணைப்புகளில் ஆப்பு மாதிரி அடித்து இறக்கத் தொடங்கினேன். இரண்டு அடித்திருப்பேன்.

"அண்ணே, அடிக்காதீங்க! அடிக்காதீங்க!"

குளத்தங்கரைச் சாலையில் மீன் விற்கிற பெண் ஒருத்தி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். எங்கள் தெருவுக்கு வழக்கமாக வருகிறவள் இல்லை, புது ஆள்.

"நீ மீன் விக்க வந்தியா, எனக்கு வேலை படிச்சுத்தர வந்தியா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் கோபப்படவில்லை. "கடப்புறத்துக்காரி நான். எங்க வீட்டு ஆம்பளையளுக்கு வள்ளந்தான் சோறு. கரையில காஞ்சு கெடந்த வள்ளத்த யாராம் நேரா தண்ணியில எறக்குவாவளா? உள்ள தண்ணி நெறச்சு மூணு நாள் போட்டுருவாவ. மரம் ஊறி வீங்கி தன்னால அடைச்சுக்கிடும். நீங்க இதுல ஆப்பு வச்சா, வீங்க எடமில்லாம பலகை பொளந்துல்லா போவும்!"

சுத்தியல் என் கையிலேயே நின்றது. அவள் குனிந்து நகத்தால் இணைப்புகளைத் தடவிக்கொண்டே போனாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "கைப்பிழைன்னா ஒரு எடத்துலதான் ஒழுகும், அண்ணே. இது எல்லா எடத்துலயும் ஒண்ணு போல ஒழுகுது. வேலை சுத்தம். மரத்துக்குத் தாகம், குடிக்கட்டு."

என் கை உடைந்த கதை அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியவே தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தை கேட்கத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தேன் போல. "மீன் சூடாயிரும்" என்று அவள் போய்விட்டாள். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. வழக்கமாக வருகிறவளுக்குக் காய்ச்சல் என்று அவளுக்குப் பதிலாக இரண்டு நாள் வந்தவளாம், அதன்பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை.

அடித்த இரண்டு ஆப்பையும் பிடுங்கினேன். வள்ளத்தைத் திரும்பக் குளத்தில் தள்ளி, உள்ளே கல்லை வைத்து முங்கவிட்டேன். ஊரில் என்னை விட்டார்களா? "மேஸ்திரி நீர்மூழ்கிக் கப்பல்லா செஞ்சிருக்காரு!" என்று டீக்கடையில் ஒரே கும்மாளம். திங்கட்கிழமை வடசேரிக்காரர் போன் செய்தார். "ரெண்டு நாள் பொறும்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை கல்லை எடுத்து, தண்ணீரை இறைத்து, அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ஒரு சொட்டு வரவில்லை. இணைப்புகள் எங்கே இருக்கின்றன என்று விரலால் தேடவேண்டியிருந்தது. அப்பாடா என்று வந்த மூச்சு இப்போதும் நினைவிருக்கிறது. நீச்சல் தெரியாத என் மனைவி, நான் கூப்பிடாமலே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து ஏறினாள். குளத்தின் நடுவில் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வள்ளம் ஒழுகல்ல. நீங்கதான் ஒழுகுதியோ."

ஆமாம், அழுதேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

கரைக்கு வந்ததும் முதல் வேலையாக வடசேரிக்குப் போன் செய்து, சாமான்கள் விற்பதற்கில்லை என்று சொன்னேன். ஆவணியில் ஒரு வீட்டுக்கு நிலை வைத்தேன். கை இன்றும் மரத்துப்போகத்தான் செய்கிறது, மரத்துப்போனால் நிறுத்திக்கொள்கிறேன், அவ்வளவுதான். ஏதாவது வேலை சரியாக வராமல் போகும்போது, கை போய்விட்டது என்ற பழைய பயம் இப்போதும் எட்டிப் பார்க்கும். அப்போதெல்லாம், மீன் சூடாகிவிடும் என்ற அவசரத்திலும் நின்று என் வேலையை நகத்தால் தடவிப் பார்த்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மூன்று நாள் பொறுக்கிறேன்.