மிச்சம் பிடித்த கால் மணி நேரம்

ஜெயஸ்ரீக்கு வாய் சும்மா இருக்காது. அது அவள் குற்றமில்லை, பிறந்த இடம் அப்படி. கடலோரக் குப்பத்தில் அவள் அம்மா பேசுகிற பேச்சுக்கே பாதி மீன் விற்றுப்போகும். இவளும் அதே கூடையைத்தான் தூக்கினாள். அப்புறம் குப்பத்தைக் காலி செய்து எல்லோரையும் பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கிருந்து கடலுக்குப் போய் மீன் எடுத்துத் திரும்பினால், நாறுகிறது என்று கூடையோடு பஸ்ஸில் ஏறவிட மாட்டார்கள். எத்தனை நாள்தான் மல்லுக்கட்டுவது? கூடையைக் கவிழ்த்துவிட்டு, உடம்புக்கு முடியாதவர்களை வீட்டுக்கு வீடு போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள்.

கம்பெனி ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. மேனேஜர் ஸ்டெபின் இவளைவிட வயதில் ரொம்பச் சின்னவன். சேர்ந்த அன்றே அவள் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தான். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, டிபன், மாத்திரை, கைகால் பயிற்சி என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொத்தான், ஒரு நேரம்.

"யார் செஞ்சாலும் ஒரே மெத்தட், ஒரே டைம்க்கா. சயின்டிஃபிக்கா ஸ்டடி பண்ணிப் போட்டது," என்றான்.

நேரத்துக்குள் முடித்து அழுத்தினால் பொத்தான் பச்சையாகும். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூட 'குட்' வாங்காதவள் ஜெயஸ்ரீ. அந்தப் பச்சையைப் பார்த்தால் அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

சிட்லபாக்கத்தில் ஞானையா சார் வீட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. தடியை ஊன்றி ஏதோ நடப்பார். மனைவி ஞானசௌந்தரி டீச்சர் காலமான பிறகு ஒண்டிக்கட்டை. மகள் ஜோசலின் மெல்போர்னிலிருந்து பணம் கட்டினாள். அவருக்குப் பேச்சுக் குழறியது. பேசப் பேசத்தான் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யாரிடம் பேசுவது, சுவரிடமா?

ஒரு நாள் அவள் கிளம்பும்போது நாற்காலியைக் காட்டி, "உக்காரு... டீ..." என்றார்.

"எங்க சார்? நேரம் ஓடிகினு கீது. அடுத்த வூட்ல கத்துவாங்க," என்று செருப்பை மாட்டினாள். அவர் முகம் தொங்கிப் போயிற்று.

மறுநாள் அவர் வேறு ஆளாக இருந்தார். அவள் நடப்பதையும் குனிவதையும் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு இடது கையால் ஒவ்வொன்றாகக் காட்டினார். துண்டுக்கு ஒரு நடை, சோப்புக்கு ஒரு நடை, சட்டைக்கு ஒரு நடை, எதற்கு? எல்லாம் குளியலறை வாசலில் ஒரே ஸ்டூலுக்கு வந்தன. சட்டைப் பொத்தான்களை அவரே முன்கூட்டி அவிழ்த்து வைத்தார். முடியாத கையை முதலில் நுழைத்தால் சட்டை வழுக்கிக்கொண்டு ஏறியது. ஒரே வாரத்தில் முழுசாகக் கால் மணி நேரம் மிச்சம்.

அந்தக் கால் மணி நேரத்தில் டீயும் பேச்சும்தான். காலையிலிருந்து ஊரார் உடம்பையெல்லாம் தேய்த்துக் கழுவுகிறவளை, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்ட ஒரே மனுஷர் அவர். அவள் லிஃப்ட் நின்றுபோன கதையைச் சொல்வாள், அவர் டீச்சரிடம் திட்டு வாங்கிய கதையைச் சொல்வார். ஒவ்வொரு வார்த்தையாக நாக்கு அவர் வசத்துக்கு வந்தது.

"ஃபேக்டரில எனக்கு டைம் ஸ்டடி வேலை," என்றார் ஒரு நாள், குழறலே இல்லாமல். "ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கணக்கெடுக்க, வாட்ச்சை வச்சிக்கிட்டு மெஷின் பக்கத்துல நிப்பேன். என்னைக் கண்டதும் எல்லாவனும் மாடு மாதிரி அசைவான், கள்ளப் பயலுவ! சீக்கிரம் முடிச்சா நேரத்தைக் குறைச்சிருவோம்னு தெரியும். நீயும் அந்தப் பொத்தானையெல்லாம் போகும்போது மொத்தமா அமுக்கும்மா."

"சரி சார்," என்று சிரித்தாள்.

ஆனால் கை கேட்டால்தானே! ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் உடனுக்குடன் அழுத்தினாள். ஒவ்வொன்றும் பச்சை, பளபளவென்று பச்சை. பாவி மகள், அந்தப் பச்சைக்கு ஆசைப்பட்டாள்.

மாதக் கடைசியில் ஸ்டெபின் அவளை முன்னால் நிற்கவைத்து எல்லோரையும் கைதட்டச் சொன்னான். அவள் செய்கிற முறையை வீடியோ எடுத்து மற்றவர்களுக்கும் காட்டப்போவதாகச் சொன்னான். பூரித்துப் போனாள். கைதட்டல் ஓய்ந்த பிறகு, "இனிமே ஞானையா சார் வீட்டுக்கு முக்கால் மணி போதும்க்கா. இடையில இன்னொரு வீடு போட்டிருக்கேன். அவங்க பொண்ணுகிட்ட பேசிட்டேன், அப்பா அவ்ளோ தேறிட்டாரான்னு ஒரே சந்தோஷம்," என்றான்.

"சார், அந்த நேரத்துல நாங்க பேசிக்கினு இருப்போம் சார். பேசிப் பேசித்தான் அவருக்கு வாயே வந்துச்சு."

"பேசுறதுன்னு ஒரு டாஸ்க்கே இல்லையேக்கா."

ஞானையா சாரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். "நானா இருந்தாலும் குறைச்சிருப்பேன்," என்றார்.

"உங்க பொண்ணாண்ட சொல்லுங்க சார்!"

"தூர தேசத்துல உழைச்சுக் கட்டுது. பேச ஆள் வேணும்னு அதுகிட்ட எப்படிக் கேக்கது?"

அதற்குப் பிறகு குளியல், சட்டை, டிபன், மாத்திரை, பயிற்சி, ஓட்டம். சட்டை மாட்டிக்கொண்டே பேசிப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தையைத் தேடிப் பிடிப்பதற்குள் அவள் படியிறங்க வேண்டியிருந்தது. "நாளைக்குச் சொல்லுங்க சார்," என்பாள். நாளைக்கும் அதே கதிதான். வார்த்தைகள் மறுபடி குழறத் தொடங்கின. பிறகு அவர் வாய் திறப்பதையே விட்டுவிட்டார். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து அவள் அழுத நாட்கள் உண்டு.

அன்று வியாழக்கிழமை. சாவியைப் போட்டுத் திறந்ததும் டீ வாசனை வந்தது. அவள் வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் டீ போட ஆள் ஏது? மேஜைமேல் இரண்டு டம்ளர், ஒற்றைக் கையால் ஊற்றிச் சிந்திய டீ. பக்கத்தில் டிபன் தின்ற தட்டும், பிரித்த மாத்திரை அட்டையும்.

"சார்?"

குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவர் தரையில் கிடந்தார். அவள் வருவதற்குள் தன் வேலையையெல்லாம் தானே முடித்துவிடப் பார்த்திருக்கிறார் மனுஷர். குளித்துமிருக்கிறார். எழுந்திருக்கும்போதுதான் கால் வாரிவிட்டது. தலைக்குப் பின்னால் ரத்தம் தண்ணீரோடு கலந்து ஓடியது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். துண்டைச் சுருட்டிக் காயத்தில் அழுத்திக்கொண்டு, ஈரத்திலேயே உட்கார்ந்து அவர் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள்.

"குளிச்சாச்சும்மா," என்றார். மெதுவாக, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. "உனக்கு ஒரு வேலையும் இல்ல. இப்ப பேசலாம்ல?"

"ஐயோ, இன்னா சார் இது! இதுக்கா சார்..." அவர் அவள் முகத்தையே பார்த்தார், கதைக்குக் காத்திருக்கிற மாதிரி.

பேசினாள். தண்ணி லாரியண்டை எதிர் வீட்டுக்காரி குடத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்ததைச் சொன்னாள். தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பிளாக் மாறி யார் வீட்டிலோ பஜ்ஜி தின்றுவிட்டுப் போனதைச் சொன்னாள். அழுதுகொண்டே, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதென்று போன் அடித்தது, அடித்து ஓய்ந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவள் தோளைத் தொட்டபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அவர் எதுவரை கேட்டார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.