வெள்ளை உடுத்தும் மாதம்

காலையிலிருந்து பீரோவை எத்தனை முறை திறந்து மூடினேன் என்று கேட்காதீர்கள். நாளை விடியற்காலை எண்ணூர்க் கடற்கரையில் குடும்பமாகப் போட்டோ எடுக்கிறார்களாம். அக்கா மகள் தீபாவின் ஏற்பாடு. மார்கழிப் பனி கலைவதற்குள் எடுத்தால் படம் அள்ளுமாம். வாட்ஸப்பில் உத்தரவும் வந்துவிட்டது: எல்லாரும் வெள்ளை, இல்லாவிட்டால் சந்தன நிறம்; பூப்போட்டது, கட்டம் போட்டது எதுவும் கூடாது. என்னிடம் இருக்கும் ஒரே வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டிலில் போடுகிறேன். மடித்து உள்ளே வைக்கிறேன். மறுபடி எடுக்கிறேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. வயது ஐம்பதைத் தாண்டியும் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குக் கிளம்புகிற பிள்ளை மாதிரி உட்கார முடியாமல் அலைகிறேன்.

இதற்கு நடுவில் பால்கனிக்குப் போய்க் கொடிக்கயிற்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வேறு வருகிறேன். மாதவரத்தில், மூன்றாவது மாடியில், கயிற்றில் என்ன இருக்கப்போகிறது? ஆனாலும் வெள்ளைத் துணியைத் தொட்டால் இந்த விரல் கயிற்றைத் தேடிப் போய்விடும். இது ராயபுரத்தில் வளர்ந்த விரல்.

எங்கள் வீடு துறைமுகத்துக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில். அப்போதெல்லாம் கரிக்கப்பல் அங்கேதான் வரும். நைனாவுக்கு அதில் கரி இறக்கும் வேலை. தெற்குக் காற்று அடித்தால், இறக்கியதில் கொஞ்சம் அவருக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும். சோற்றுப் பானை மூடியில்கூடக் கரித்தூள் படிந்திருக்கும். அதனால் எங்கள் தெருவில் யாரும் ஜவுளிக்கடையில் தனக்குப் பிடித்த நிறத்தைக் கேட்டு வாங்கியதில்லை. காப்பிக்கொட்டை, மிளகு, நாவல்பழம், கருநீலம் என்று அழுக்கு தெரியாத நிறங்கள்தான். மார்கழியும் தையும் மட்டும் விதிவிலக்கு. வாடைக்காற்று வடக்கேயிருந்து வீசும். தூளெல்லாம் பாரிமுனைப் பக்கம் போய்விடும். மற்றவர்கள் ஸ்வெட்டரை வெளியே எடுக்கும் மாதத்தில் நாங்கள் டிரங்குப் பெட்டியிலிருந்து வெள்ளையை எடுப்போம். வெளியில் நின்று போட்டோ எடுப்பதென்றாலும் அந்த இரண்டு மாதம்தான்.

அந்தத் தெருவில் பிறந்துவிட்டு என் அக்கா மல்லிகா நர்ஸ் ஆனாள். இதைவிட வம்பு வேண்டுமா? வருஷம் முழுக்க வெள்ளை. அம்மா அவளுடைய சீருடையைக் கட்டிலுக்கு அடியில் கயிறு கட்டி உலர்த்துவாள். எவ்வளவு சொட்டு நீலம் போட்டாலும் சாம்பல் பூத்துத்தான் இருக்கும். கூடப் படித்த பெண்கள் அதற்கு ‘ராயபுரம் வெள்ளை’ என்று பேர் வைத்தார்கள். வீட்டில் என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள்.

குவைத்தில் வேலை கிடைத்து, பொங்கல் கழிந்ததும் விமானம் என்று ஆனபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

“மொட்ட மாடில நின்னு ஒரு போட்டோ புடிக்கணும். நாலு பேரும் வெள்ள. அங்க ரூமு சொவுத்துல மாட்டி வெப்பேன். அப்பால எவ இன்னா சொல்றான்னு பாக்கலாம்.”

நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து அதுவரை ஒரு படம்கூட எடுத்ததில்லை. ஒரு வாரம் வீடு வீடாக இல்லை. நைனாவிடம் வெள்ளைச் சட்டை கிடையாது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினால் பொத்தான் வயிற்றை மூட மறுத்தது. அக்காவின் பழைய சேலையில் பாதி எனக்குத் தாவணி ஆனது. நைனா வாசலில் கால் வைத்ததும் அக்கா பிடித்துக்கொள்வாள், என்றைக்குக் கரிக்கப்பல் இல்லை என்று.

“வியாயக்கெயம ஒண்ணும் கெடியாது. நைனா சொன்னா கரீட்டா இருக்கும்,” என்றார் நைனா.

அம்மா மட்டும் வெள்ளைக்கு மசியவில்லை. தன்னுடைய மிளகு நிற நைலக்ஸ் சேலையை எடுத்து வைத்துக்கொண்டாள். அக்கா கெஞ்சிப் பார்த்தாள், பிறகு கத்தினாள்.

“அல்லாரும் வெள்ளய மாட்டிக்கினா தொடைக்கிறதுக்கு யாரு கீறா? ஒருத்தியாச்சும் கருப்புல இருக்க வாணாவா?” என்றாள் அம்மா.

“போட்டோல நீ மட்டும் தனியா தெரிவம்மா.”

“தெரிஞ்சா தெரியட்டும், போ.”

வியாழக்கிழமை காலை வாடை நன்றாகவே வீசியது. அம்மா கொடிக்கயிற்றைத் தடவி விரலைப் பார்த்தாள். சுத்தம். கஞ்சி போட்ட அக்காவின் சேலை மட்டும் தோளில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. அம்மா தன் தோளிலிருந்த ஊக்கைக் கழற்றி அவளுக்குக் குத்திவிட்டாள். ஸ்டுடியோக்காரர் எங்களை வரிசையாக நிறுத்தி, அம்மாவைத் தெற்கு ஓரத்தில், அக்காவுக்குப் பக்கத்தில் விட்டார். கேமராவைக் கண்ணில் வைத்தார்.

அப்போது காற்று நின்றது. எங்கள் தெருவில் காற்று நின்றால் குழந்தைகூடத் தெற்கே பார்க்கும். நாங்களும் பார்த்தோம். துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றிருந்தது.

“நைனா, கரிதான?” என்றேன்.

“அது நாளிக்கில்ல வரணும்...” என்றார். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

தெற்கிலிருந்து ஒரு வீச்சு வந்தது. அம்மா யோசிக்கவே இல்லை. ஊக்கு இல்லாத முந்தானையை உருவி, இரண்டு கையாலும் தூக்கி அக்காவுக்கு மறைப்பாகப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து ஸ்டுடியோக்காரர் பொத்தானை அமுக்கிவிட்டார். அடுத்த நிமிஷம் எல்லாரும் கீழே ஓடினோம். இன்னொரு நாள் எடுக்கலாம் என்றார்கள். நைனாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பொங்கல் கழிந்தது, அக்காவும் போய்விட்டாள்.

அந்தப் படத்தில் அக்கா மேல் ஒரு பொட்டுக் கரி இல்லை. பால் மாதிரி நிற்கிறாள். நைனா திருட்டு முழி முழிக்கிறார். என் வாய் திறந்திருக்கிறது. அம்மாவுக்கு முகம் இல்லை. இரண்டு கைகளும், காற்றில் புடைத்த ஒரு மிளகு நிறத் துணியும்தான். அக்கா அதைத்தான் குவைத்தில் சுவரில் மாட்டினாள். நாலாவது வருஷம் அம்மா போனாள். லீவு தரவில்லை, அக்காவால் வர முடியவில்லை. மாலை போட ஒரு படம் வேண்டி வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கினோம். அது அம்மா மாதிரியே இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது கரிக்கப்பல் ராயபுரம் பக்கம் வருவதில்லை. எல்லாம் எண்ணூருக்கு, நாளை நாங்கள் நிற்கப்போகும் கடற்கரைக்கு வடக்கே, குடிபோய்விட்டது. முன்பு எங்களைக் காப்பாற்றிய அதே வாடை இன்று அங்கேயிருந்து அள்ளிக்கொண்டு வரும். தீபாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சற்று முன் போன் போட்டு, நான் மட்டும் மிளகு நிறத்தில் வருகிறேன் என்றேன்.

“சித்தி, ஒருத்தர் மட்டும் டார்க்கா வந்தா படமே கெட்டுடும்!”

போன் கை மாறியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, போன மாதம்தான் ஊருக்குத் திரும்பிய அக்கா. குவைத்தில் அத்தனை வருஷம் இருந்தும் அவள் நாக்கு மட்டும் ராயபுரத்தை விட்டு நகரவில்லை.

“அதயே கட்டிக்கினு வாடி. ஆனா முந்தானைய நல்லா ஊக்கு குத்திக்கினு வா. இந்தத் தபா மூஞ்சி தெரியணும்.”

ஊக்கு டப்பாவைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ராயபுரத்து வீடு இல்லை, அந்த மொட்டை மாடி இல்லை, நைனாவும் இல்லை. டப்பாவில் ஊக்கு மட்டும் ஐம்பது, அறுபது இருக்கும். அன்றைக்கு அம்மாவிடம் இருந்தது ஒன்றே ஒன்று.