படம் தெளிய நின்ற பாக்கியலட்சுமி

தேக்காவில் ஒரு வதந்தி இறைச்சிக்கடைப் பக்கம் பிறந்தால், மீன்கடைக்கு வருவதற்குள் அதற்குக் கைகால் முளைத்துவிடும். கோப்பிக்கடைக்கு வரும்போது மீசையே வைத்திருக்கும். கெர்பாவ் ரோட்டில் ஒரு வீட்டு டெலிவிஷன் பெட்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பது இறைச்சிக்கடைச் செய்தி. பேய் பிடித்தது பெட்டிக்கு இல்லை, அந்த வீட்டு மருமகளுக்கு. அவள் பக்கத்தில் நின்றால் படம் வருகிறது, நகர்ந்தால் போய்விடுகிறது என்பது மீன்கடைச் செய்தி. அவள் கையைத் தொட்டுவிட்டுப் போன ஒருவருக்குச் சனிக்கிழமைக் குதிரை ஜெயித்துவிட்டது என்பது கோப்பிக்கடைச் செய்தி.

மூன்றையும் நான் நம்பவில்லை. மூன்றாவதை மட்டும் நம்பிவிடலாமா என்று ஒரு சபலம் இருந்தது.

டெலிவிஷன் வந்து இரண்டாவது வருஷம் அது. அப்போது சிங்கப்பூரில் இரண்டு சாதிதான்: பெட்டி வைத்திருப்பவர்கள், பெட்டி வைத்திருப்பவர்களோடு சண்டை போடாதவர்கள். மிளகாய் மில் முத்தாயி அம்மாள் முதல் சாதி. கணவர் போன பிறகு மில்லைத் தனியாக நடத்தி, மகன் செல்லக்கண்ணுவைத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக்கி, கல்யாணமும் செய்துவைத்து, அதெல்லாம் முடிந்த கையோடு நான்கு கால், இரண்டு கதவு வைத்த பெட்டி ஒன்றையும் வாங்கியிருந்தார். அக்கம்பக்கத்தில் அதற்கு முன் அவருக்கு இருந்தது மரியாதை. பெட்டி வந்த பிறகு கிடைத்தது பக்தி.

விசாரிக்கத் தனியாகப் போகத் தைரியமில்லை. டன்லப் ஸ்திரீட்டில் ஏரியல் மாட்டும் நூர்தீனைக் கூட்டிக்கொண்டேன். அந்த வீட்டுக் கூரையில் ஏரியல் மாட்டியவரே அவர்தான்.

“தேக்கால எந்த ஏரியல்ல எந்தக் காக்கா உக்காந்திருக்குன்னு படத்தைப் பார்த்தே சொல்லிருவேன் அண்ணே,” என்பார். ஆனால் கெர்பாவ் ரோடு என்றதும் மூக்கைச் சொறிந்தார். “அந்த அம்மா நாலு தடவை ஆள் அனுப்பிட்டாங்க. எனக்குத்தான் ஒழியல.”

“பயமா பாய்?”

“ஏணி சரியில்ல லா,” என்றார்.

நாங்கள் போனபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கூடம் நிறைய ஆட்கள். பாய் விரித்துப் பிள்ளைகள் முன்னால், பெண்கள் நடுவில், ஆண்கள் வாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதை வரை வழிந்து நின்றார்கள். பெட்டிக்கு இடப்பக்கம் சுவரை ஒட்டி ஒரு பெண் நின்றாள். ஒரு கை வயிற்றின் மேல். இன்னொரு கை கூரையிலிருந்து இறங்கிவரும் தட்டையான வயரைத் தோள் உயரத்தில் பிடித்திருந்தது. படத்தின் வெளிச்சம் அவள் கன்னத்தில் ஒரு பாதியை மட்டும் நீலமாக்கி, மறுபாதியை எடுத்துக்கொண்டிருந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். அவள் ஒருத்தி எங்களைப் பார்த்தாள். நூறு கண்கள் தன் பக்கம் திரும்பியிருக்க ஒன்றுகூடத் தன்னைப் பார்க்காத இடத்தில் நிற்பவளின் பார்வை அது. எனக்கு முதுகில் சில்லென்றது. ஜன்னல் திறந்திருந்ததாலும் இருக்கலாம்.

அவள்தான் பாக்கியலட்சுமி. செம்பவாங் நேவல் பேஸில் கப்பல் கயிறு கட்டும் வேலை பார்த்தவரின் மகள். தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை. கணக்கில் கெட்டிக்காரி, கோலத்தில் சுமார், வாயாடி என்று அங்கே பெயர். கெர்பாவ் ரோட்டில் அவளுக்கு வாய் இருப்பதே பலருக்குத் தெரியாது. பெட்டி வந்த அன்று படம் பிடிக்கவில்லை. திரை முழுக்கப் புள்ளி, காதைக் கிழிக்கும் இரைச்சல். நூர்தீன் கூரையில் நின்றுகொண்டு, “இப்ப? இப்ப?” என்று கத்த, கீழேயிருந்து, “இல்ல! இல்ல!” என்று பதில் போனது. அந்த நேரத்தில் எல்லாருக்கும் கோப்பி எடுத்துக்கொண்டு மருமகள் பெட்டிப் பக்கமாக நடந்தாள். படம் பளிச்சென்று வந்தது. கோப்பியை வைத்துவிட்டுத் திரும்பினாள். போய்விட்டது.

“பாக்கியம், அங்கேயே நில்லு,” என்றார் முத்தாயி அம்மாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அன்று முதல் மாலை ஒளிபரப்பு தொடங்கினால் அவள் நிற்பாள். ஒளிபரப்பு முடிந்தால் உட்காருவாள். யாரும் கொடுமை செய்யவில்லை. வெந்நீர் கொடுத்தார்கள், விசிறினார்கள், கதைக்கு நடுவில் ஒரு வாய் சோறுகூட ஊட்டினார்கள். நின்ற இடத்தைவிட்டு மட்டும் நகரவிடவில்லை. முத்தாயி அம்மாள் கெட்டவர் இல்லை. வீட்டுக்கு இத்தனை பேர் வந்து பழகிவிட்டால் அவர்களைப் போகச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

இப்போது கர்ப்பம் ஏழு மாதம் தாண்டிவிட்டது. வளைகாப்பும் முடிந்தது. தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போக அவள் அம்மா செம்பவாங்கிலிருந்து பலகாரத்தோடு வந்தார். “அடுத்த வாரம் அனுப்புறோம் சம்பந்தி,” என்றார்கள். மறுபடி வந்தார். “இந்த நாடகம் முடியட்டுமே.” பலகாரத்தை வைத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினார். பாக்கியலட்சுமியின் பாதம் வீங்கி, மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது. மகன் செல்லக்கண்ணு ஒருநாள் வாய் திறந்தார்: “அவ போகட்டுமேம்மா.” “நீ வந்து நில்லு, அவ போகட்டும்,” என்றார் அம்மா. மகனும் நின்றார். புள்ளியும் இரைச்சலும்தான்.

மறுநாள் மாலை நூர்தீன் சோதனையை ஆரம்பித்தார். முதலில் கூரையேறி ஏரியலை ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் திசைக்குத் திருப்பினார். அது ஏற்கெனவே அந்தத் திசையில்தான் இருந்தது. வயரை மாற்றினார். பின்பக்க முனைகளைச் சுரண்டினார். பக்கத்தில் மில் மோட்டார் ஓடினால் படத்தில் கோடு விழும் என்று சொல்லி, மில்லை நிறுத்தவைத்தார். மில் நின்றது. பலன் பூஜ்யம்.

அப்புறம் ஆட்களை நிறுத்திப் பார்த்தார். முத்தாயி அம்மாள் நின்றார்: இரைச்சல். நான் நின்றேன்: இன்னும் பலமான இரைச்சல். பாக்கியலட்சுமி வந்தாள். யாரோ ஈரத்துணியால் துடைத்த மாதிரி படம் தெளிந்தது.

“மனுஷ உடம்பும் ஒரு ஏரியல்தான்மா. இது சயின்ஸ்,” என்றார் நூர்தீன் நிமிர்ந்து.

“அப்ப நாங்க மனுஷங்க இல்லையா பாய்?” என்றார் முத்தாயி அம்மாள்.

பாக்கியலட்சுமியின் வளையல்களை நூர்தீன் கழற்றச் சொன்னார். படம் போகாமல் நின்றது. ரப்பர் செருப்பு போடச் சொன்னார். நின்றது. வயரிலிருந்து கையை எடுக்கச் சொன்னார். அப்போதும் நின்றது. நூர்தீனின் முகத்தில் சயின்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. பெட்டியை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினார்: புள்ளி. சொல்லாமலே பாக்கியலட்சுமி நடந்துவந்து அதன் இடப்பக்கம் நின்றாள்: படம். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, அலுப்பும் இல்லை.

“உள்ள ஏதாச்சும் தெரியுதா தங்கச்சி? கையில சுருசுருன்னு?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இல்ல பாய். பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி மட்டும் இருக்கும்.”

நூர்தீன் கருவிப் பையை மூடினார். வெளியே வந்து சிகரெட் பற்றவைக்கும்போது தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. காற்று இல்லை.

“காரணம் தெரியல அண்ணே. ஆனா அந்தப் புள்ள இன்னும் ஒரு மாசம் நின்னா விழுந்துரும். பெட்டியைச் சரி பண்ண என்னால முடியல. அந்த அம்மாவைச் சரி பண்ணிப் பார்ப்போம்.”

மறுநாள் காலையில் முத்தாயி அம்மாளிடம் கம்பீரமாகப் போய் நின்றார். மனித உடம்பில் முக்கால்வாசி தண்ணீர். ஆகவே மருமகள் உயரத்துக்கு ஒரு முக்காலியும் மேலே ஒரு நிறைகுடமும் வைத்து, குடத்தின் கழுத்தில் வயரைச் சுற்றிவிட்டால் படம் வந்துவிடும். அன்று மாலையே பெண்ணை அனுப்பலாம் என்றார். பேசி முடிக்கும்போது அவரே அதை நம்பிவிட்டார் போலத்தான் இருந்தது.

என்னைத் தனியே இழுத்து, “படம் வந்தா குடம். வரலைன்னா ராத்திரி நான் பாலம் தாண்டி ஜோகூர்ல இருப்பேன்,” என்றார்.

முத்தாயி அம்மாளுக்குக் குடம் பிடித்துப்போயிற்று. மஞ்சள் பூசினார், குங்குமம் வைத்தார், மாவிலை செருகினார். நூர்தீன், “ஊதுபத்தி மட்டும் வேணாம்மா, வயர் உருகிரும்,” என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார். உருவமும் ஒத்திருக்கட்டும் என்று குடத்தைச் சுற்றி மருமகளின் பழைய சேலை ஒன்றையும் கட்டிவிட்டார்கள். பார்த்தால், தலையில்லாத ஒருத்தி பெட்டியருகே அடக்கமாக நிற்பதுபோல் இருந்தது. பிள்ளைகள் அன்று முன்வரிசையில் உட்காரவில்லை.

மாலை டாக்ஸி வந்தது. உள்ளே செம்பவாங் அம்மா. பாக்கியலட்சுமி பையோடு நடைபாதையில் நின்றாள். கூடம் நிறைந்திருந்தது. முத்தாயி அம்மாள் பெட்டியின் கதவைத் திறந்து குமிழைத் திருகினார்.

புள்ளி. இரைச்சல்.

நூர்தீன் குடத்தைக் கொஞ்சம் திருப்பினார். இரைச்சல். இன்னும் கொஞ்சம். தண்ணீர்தான் சிந்தியது.

“பாக்கியம்,” என்றார் முத்தாயி அம்மாள், வாசலைப் பார்க்காமலே. “பையை உள்ள வை.”

டாக்ஸியில் அம்மா கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. “சம்பந்தி, என் பொண்ணு மனுஷி, கம்பி இல்ல!” அதுவரை அந்த அம்மாவின் குரல் அவ்வளவு உயரும் என்று யாருக்கும் தெரியாது. கூட்டத்தில் ஒருவரும் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. செய்தி தொடங்கும் நேரம் அது.

பாக்கியலட்சுமி பையைக் கீழே வைத்தாள். உள்ளே வந்தாள். ஆனால் இடப்பக்கம் போகவில்லை. பாய்களுக்கு நடுவே, ஆட்கள் காலை மடக்கி வழிவிட, நேராக நடந்து பெட்டிக்கு எதிரே வந்து நின்றாள். அந்த வீட்டுக்குப் பெட்டி வந்த நாளிலிருந்து அவள் அதை முன்னால் நின்று பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரைச்சல் அடங்கியது. புள்ளிகள் விலகின. ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானின் நூல்கூடத் தெரியும் போலிருந்தது. நூர்தீன் பெட்டியைவிட்டுத் தள்ளி நின்றார். அவர் கை இரண்டும் காற்றில் இருந்தன.

அவள் பார்த்தாள். செய்தி வாசிப்பவரைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தை, ஒரு மூலையையே பார்த்தாள். பிறகு முதுகைக் காட்டாமல், ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்து வாசலுக்குப் போனாள். படம் அசையவில்லை. பையை எடுத்தாள். படம் அசையவில்லை. டாக்ஸியில் ஏறினாள்.

“குடம்!” என்று முத்தாயி அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

டாக்ஸி ஜன்னல் வழியாக அவள் நூர்தீனைக் கூப்பிட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“பாய், படத்துல இடது ஓரத்துல ஒருத்தி நிக்கிறாளே. அவளும் வயித்துப் பிள்ளைக்காரி மாதிரி இருக்கா. கால் வலிக்கும்ல. உக்காரச் சொல்லுங்க.”

நூர்தீன் என்னைப் பார்த்தார். நான் டாக்ஸியின் நம்பரைப் பார்த்தேன்.

“சரி தங்கச்சி,” என்றார். “சொல்லிர்றேன்.”

அவளுக்குச் செம்பவாங்கில் பெண் குழந்தை பிறந்தது. செல்லக்கண்ணு அங்கேயே வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டார். பின்னால் தோ பாயோ அடுக்குமாடியில் அரசாங்க வீவக வீடு கிடைத்தது. வீட்டில் பழைய வாயாடி திரும்பிவிட்டாள் என்று செல்லக்கண்ணுவே சந்தோஷமாகக் குறைப்பட்டுக்கொண்டார். கெர்பாவ் ரோட்டில் படம் இன்றுவரை தெளிவு. குடத்துத் தண்ணீர் வற்றியும் தெளிவு. ஒரு கல்யாணத்துக்குக் குடத்தை இரவல் கொடுத்துவிட்டு, முக்காலியைத் தூக்கி மூலையில் போட்ட பிறகும் தெளிவு. வேறு வீடுகளுக்குக் குடம் வைக்கச் சொல்லி நூர்தீனுக்கு ஆள் வந்தது. எல்லாரிடமும் ஏணி சரியில்லை என்றார்.

ஒருமுறை மட்டும் அந்த வீட்டுக்குத் தனியாகப் போனார். எல்லாரும் கோவிலுக்குப் போயிருந்த நேரம். திரும்பி வந்தவரிடம், “பார்த்தியா பாய்?” என்று கேட்டேன்.

“கறுப்பு வெள்ளையில எதைப் பார்த்தாலும் யாரோ மாதிரித்தான் தெரியும் அண்ணே,” என்றார். அதிலிருந்து கெர்பாவ் ரோடு வழியாகப் போக வேண்டியிருந்தால் பஃபலோ ரோட்டைச் சுற்றிப் போகிறார்.

விசாரிக்கக் கிளம்பியவன் என்ற முறையில் நானும் ஒரு மாலை போய் உட்கார்ந்தேன். இடது ஓரத்தில் கறுப்பாக ஏதோ இருந்தது உண்மை. ஸ்டூடியோவின் திரைச்சீலை மடிப்பு என்று முடிவு செய்தேன். செய்தியின் நடுவில் அந்த மடிப்பு ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றதை என் கண்ணின் களைப்பு என்று கணக்கில் எழுதிக்கொண்டேன்.

போன மாதம் தேக்கா பாசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்த பாக்கியலட்சுமி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டாள். தோளில் வயர்ச் சுருளோடு நூர்தீன் மீன்கடைப் பக்கம் நழுவப் பார்த்தார். முடியவில்லை.

“பாய், சொன்னீங்களா?”

“மழை விடட்டும் தங்கச்சி. கூரை வழுக்குது.”

“கூரையில என்ன பாய் இருக்கு? கூடத்துல போயி ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதானே. சொல்றேன்னு ஒத்துக்கிட்டீங்க.”

“சொல்றேன், சொல்றேன். அடுத்த வாரம்.”

“அப்ப இன்னும் நிக்கிறா,” என்றாள். கீரைக்காரரிடம் இன்னொரு கட்டு கேட்டாள். பாசாருக்கு வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது.