கும்பிட்டுவிட்டுக் கடித்தவன்

பிள்ளை பார்க்கும் வேலையில் ஒரு விசேஷம்: பிள்ளை சும்மா இருந்தால் நமக்கு வேலையே இல்லை என்பார்கள்; அழுதால் நமக்கு வேலையே தெரியாது என்பார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கும் இந்தத் தீர்ப்பு பழக்கமாகத்தான் இருக்கும். நகர்ந்து இடம் விடுகிறேன், நீங்களும் உட்காருங்கள்.

ஐம்பதுகளின் கடைசியில், சேலத்துக்கு வெளியே ஒரு நூல் மில்லில் தொட்டில் ரூமுக்குப் பொறுப்பாக இருந்தேன். வேலைக்கு வரும் பெண்கள் தங்கள் சிறு பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். சட்டம் சொன்னதால் மில்காரர்கள் அந்த அறையைக் கட்டினார்கள், பி.ஏ. படித்தவள் ஒருத்தி கிடைத்ததால் என்னை வைத்தார்கள். இலக்கியம் படித்துவிட்டு மூக்குத் துடைக்கப் போகிறாளே என்று என் வீட்டில் சொன்னார்கள். மூக்குகள் ஒழுகிக்கொண்டுதானே இருக்கின்றன, வேறு யார் துடைப்பது என்று கேட்டேன்.

எச்சில் துணி

மில்லின் இரைச்சல் சுவர் வழியாகப் பகலெல்லாம் வந்துகொண்டிருக்கும். அதற்கு மேலே ஒரு பிள்ளை குரல் எடுத்தால் போதும், அடுத்த தொட்டில் சேர்ந்துகொள்ளும், பிறகு அதற்கடுத்தது. காரணமே இல்லாத அழுகை என்பார்கள். பக்கத்தில் ஒருத்தர் அழுவது காரணம் இல்லையா? பெரியவர்களான பிறகுதான் நாம் அதைக் காரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு நாள் அப்படி எல்லாம் சேர்ந்து அழுதபோது, நடக்கத் தொடங்கியிருந்த ஒரு பெண் குழந்தை மட்டும் நிறுத்திக்கொண்டது. தான் எப்போதும் சப்பிக்கொண்டிருக்கும் துணியை வாயிலிருந்து எடுத்தது. தள்ளாடித் தள்ளாடிப் போய், முதலில் அழுத பிள்ளையின் வாயில் அதைத் திணித்தது. எனக்கு உதவியாக இருந்த ஆரோக்கியம் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவள். தருமத்தைப் பற்றிப் பிரசங்கம் நிறையக் கேட்டவள். அந்தத் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எச்சித் துணிதாம்மா. ஆனா இத்தனை வருசத்துல இவ்வளவு ஆசையா வச்சிருந்தத எனக்கு யாரும் குடுத்ததில்ல."

சன்னல் கம்பி

பழனிக்கு மூன்று வயது. மல்லசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்த நல்லம்மாளின் மகன். புருஷன் செத்த பிறகு அவள் மில்லில் நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். பையனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. பையன் கடித்தான். பொம்மைக்காகக் கடித்தான், இடத்துக்காகக் கடித்தான், பல நேரம் எதற்கென்று அவனுக்கே தெரியாமல் கடித்தான். வாயில் மிளகாயைத் தேய்த்தால் சரியாகிவிடும் என்றாள் ஆரோக்கியம். இந்த அறையில் மிளகாய் நுழைந்தால் நான் வெளியேறுவேன் என்றேன்.

அதிகம் கடிபட்டது செல்லம் என்ற நாலு வயதுப் பெண் குழந்தைதான். செல்லத்தின் அம்மா ராஜாமணி லேபர் ஆபீசரிடம் போய்ப் புகார் சொன்னாள். தன் பிள்ளையின் கையில் பல் தடம் பார்த்த தாய், அவளைக் குறை சொல்ல மாட்டேன். பையன் திருந்தாவிட்டால் தொட்டில் ரூமில் இடமில்லை என்று உத்தரவு வந்தது. பையனுக்கு இடமில்லை என்றால் நல்லம்மாளுக்கு வேலையில்லை, வேலையில்லை என்றால் சோறில்லை. மத்தியானச் சங்கு ஊதியதும் தலையெல்லாம் பஞ்சோடு ஓடிவந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "பொல்லாதவன் இல்லீங்க டீச்சரம்மா. வேணும்னா சன்னல் கம்பீல கட்டிப் போட்டுருங்க. வெளிய மட்டும் அனுப்பீராதீங்க, சாமி."

புரமோஷன்

கட்டவில்லை. ஆனால் லேபர் ஆபீசர் ஒரு வழி சொன்னார். நல்லவர்தான், வயசில் சின்னவர், ஒழுக்கத்தில் நம்பிக்கை உள்ளவர். கடித்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் கடிபட்டவரைக் கைகூப்பிக் கும்பிட வேண்டும். செய்ய வைத்தோம். பழனி புத்திசாலி, சீக்கிரமே பாடத்தைப் பிடித்துக்கொண்டான். ஒரு காலை செல்லத்துக்கு எதிரே போய் நின்றான். பக்தியோடு கைகூப்பிக் கும்பிட்டான். பிறகு குனிந்து கடித்தான். கட்டணத்தை முன்னாலேயே செலுத்திவிட்ட நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது.

அன்றோடு கும்பிட வைப்பதை நிறுத்தினேன். யாரையும் கேட்கவில்லை. ஒரு துணியைக் குடத்துத் தண்ணீரில் நனைத்து அவன் கையில் கொடுத்தேன். "செல்லத்துக்கு வலிக்குது. அவள் போதும்னு சொல்ற வரைக்கும் பிடி" என்றேன். அவன் பிடித்தான். தான் செய்த காயத்தை முதல் முறையாகப் பக்கத்தில் இருந்து பார்த்தான். செல்லம் போதும் என்று சொல்லவே இல்லை, ராணி மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த லேபர் ஆபீசர் சொன்னார்: "தப்புப் பண்ணினவனுக்குப் பொறுப்பு கொடுக்கிறீங்க. இதுக்குப் பேர் தண்டனை இல்லீங்க மேடம், புரமோஷன். இன்னொரு கடி, பையன் வெளியே."

பாசம்

செல்லத்துக்கு ருக்மணி என்று ஓர் அக்கா. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே எங்களிடம் வந்து, கைக்குழந்தைத் தம்பியை இடுப்பில் வாங்கிக்கொள்வாள். இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே போயிருந்தது. மில்லைப் பார்க்க வந்த ஒரு பெரிய வீட்டு அம்மாள் அவள் கன்னத்தைத் தட்டி, "இந்த வயசிலேயே தம்பிமேல் எவ்வளவு பாசம்!" என்று உருகினார். பெண் பிள்ளையின் தலையில் சுமையை ஏற்றிவிட்டு அதற்குப் பாசம் என்று பெயர் வைப்பதில் நம் ஊருக்கு இணை இல்லை. ருக்மணி அந்த அம்மாளை மரியாதையாகவே திருத்தினாள்: "பாசமில்லீங்க. எறக்கி உட்டா எங்கம்மா அடிக்கும்."

அடிபட்ட தரை

பிள்ளை தடுக்கி விழுந்தால் நாம் என்ன செய்வோம்? தரையை அடிப்போம். "பாப்பாவை அடிச்சியா? இந்தா வாங்கிக்கோ!" பிள்ளை சிரித்துவிடும். நோவுக்கு மருந்து பழி வாங்குவதுதான் என்ற முதல் பாடத்தை, பேச்சு வருமுன்பே இப்படித்தான் கொடுத்துவிடுகிறோம்.

ஒரு நாள் செல்லம் விழுந்தாள். ஆரோக்கியம் ஓடிப்போய்த் தரையைப் பளார் பளார் என்று அறைந்தாள். செல்லம் சமாதானமானாள். பழனி சமாதானமாகவில்லை. துணியை அவனே நனைத்துக்கொண்டு வந்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடிபட்ட இடத்தில் வைத்து அழுத்திப் பிடித்தான், தரைக்கு. ஆரோக்கியம் இடுப்பில் கைவைத்து, "தரைக்கு வலிக்கும்னு எவன்டா உனக்குச் சொன்னான்?" என்று கேட்டாள். அவன் நிமிர்ந்து பார்க்கவுமில்லை: "நீதான அடிச்ச."

தீர்ப்பு

அவன் திருந்திவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். இன்னொரு கடி விழுந்தது, அதுவும் லேபர் ஆபீசர் வாசலில் நிற்கும்போதே. செல்லம் அவன் வைத்திருந்த பஞ்சுப் பொம்மையைப் பிடுங்கினாள், பல் பதிந்தது. அவர் பழனியின் தோளைப் பிடித்தார். நான் கதவின் குறுக்கே போய் நின்றேன். "அவன் போனால் நானும் போகிறேன். அறையைப் பூட்டிவிட்டு, ஏன் பூட்டினோம் என்று பேக்டரி இன்ஸ்பெக்டருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்" என்றேன். தாய்மார்கள் இருவரையும் அவர் வரச்சொல்லி அனுப்பினார். நல்லம்மாள் வந்ததும் மகனின் மாற்றுச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மடிக்கத் தொடங்கினாள். அந்த மடிப்பை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அதற்குள் பழனி லேபர் ஆபீசரின் பிடியிலிருந்து உருவிக்கொண்டு குடத்துக்கு ஓடியிருந்தான். தண்ணீர் சொட்டச் சொட்டத் துணியைக் கொண்டுவந்து நீட்டினான். செல்லம் அதை வாங்கினாள். முதலில் அதாலேயே அவன் மண்டையில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு தன் கையில் சுற்றிக்கொண்டு, பொம்மையை இருவருக்கும் நடுவில் வைத்தாள். லேபர் ஆபீசர் குனிந்து, "இவனை வெளியே அனுப்பிடலாமா பாப்பா?" என்று கேட்டார். அவள் சொன்ன பதிலைக் கேட்டு ராஜாமணிதான் முதலில் சிரித்தாள். "உடுங்க சார், எம்புள்ளையே உட்டுட்டா" என்று புகாரை வாபஸ் வாங்கினாள். அவருக்கும் வேறு வழியில்லை. நல்லம்மாள் மடித்த சட்டையை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு ரீலிங்குக்குத் திரும்பினாள். செல்லத்தின் பதில் இதுதான்: "நான் அடிச்சுட்டேன், அவன் துணி குடுத்துட்டான். முடிஞ்சு போச்சுங்க. நீங்க ஏனுங்க இன்னும் நிக்கறீங்க?"

பிள்ளைகளுக்கு இரக்கத்தை எப்படிக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். நான் செய்ததெல்லாம், அவர்களிடம் இருந்ததைப் பெரியவர்கள் வந்து பிடுங்கிக்கொண்டு போகாமல் கதவை மறித்து நின்றதுதான், அதற்குத்தான் மாதச் சம்பளம் கொடுத்தார்கள்.