சேற்றுக்குப் போட்ட பூஜை

மழை வந்தால் எங்கள் சந்தில் சாக்கடை ஏறிக்கொள்ளும். முருகன் கோயிலுக்குப் போக வழியிருக்காது. ஒரு வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தால், கால் வைத்துப் போக வரிசையாகக் கல் கிடந்தது. முருகன்தான் போட்டான் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுச் சென்னிமலை அண்ணன் போட்டது என்பதை அவர் சம்சாரம் மாதம்மா வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள்.

அண்ணனுக்குச் சொந்த ஊர் கொள்ளேகாலைத் தாண்டிக் கௌதள்ளிப் பக்கம். மைசூரில் ஏரி ஆராய்ச்சி செய்யும் ரூபா மேடத்திடம் கூலி வேலை. எங்கள் சந்தை ஒட்டிய ஏரியில் படகில் போய், நீளக் குழாயை அடியில் இறக்கி, சேற்றைக் கலையாமல் எடுத்து வருவார். அந்தச் சேற்றில் டயட்டம் என்று ஒரு பாசியாம். கண்ணுக்குத் தெரியாது. செத்தாலும் அதன் ஓடு கண்ணாடி போல மக்காமல் கிடக்குமாம். நல்ல தண்ணீரில் ஒரு ஜாதி, சாக்கடைத் தண்ணீரில் வேறு ஜாதி. அடிச் சேறு பழசு, மேல் சேறு புதுசு. ஏரி எப்போது கெட்டது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாமாம்.

எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஏரியைக் கெடுத்தது கரையோரத்து எங்கள் வீடுகள்தான், காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் வந்திருந்தது. நாங்கள் குடி வருமுன்பே மேட்டு லேஅவுட்டின் சாக்கடையை ஏரியில் திருப்பி விட்டிருந்தார்கள். வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? ஏரியையும் அதற்குள் ஜேசிபி விட்டு அள்ளிவிட்டார்கள். மேல் சேறு மேடத்தின் குழாய்களில் மட்டுந்தான் மிச்சம்.

தசரா லீவுக்கு மேடம் ஊருக்குப் போனார். ஆய்வுக்கூடச் சாவி அண்ணனிடம். ஆயுத பூஜையன்று பஸ், கத்தி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறோம். எங்கள் வீடுகளைக் காப்பாற்றப் போகிற சேற்றைச் சும்மா விடலாமா என்று நினைத்திருக்கிறார். நிற்க வைத்திருந்த குழாய்களைக் கழுவி, மூடியைத் திறந்து பொட்டிட்டு, ஆயுதம் போலவே சாமி படத்துக்கு முன்னால் படுக்க வைத்துக் கற்பூரம் காட்டினார்.

மேல் சேறு கூழ் மாதிரி. படுத்ததும் பழசும் புதுசும் ஒன்றாய்க் கலந்துவிட்டது.

மேடம் திட்டவில்லை. "இதை வைத்து எழுதினால் அது பொய்யாகிவிடும், சென்னிமலை" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

எங்கள் ஆட்கள் விடவில்லை. "பூதக்கண்ணாடியில பார்த்தா உன்ற குங்குமந்தான் தெரிஞ்சுதாமா, அண்ணா?" என்று முனிராஜ் தெருவில் வைத்துக் கேட்டான். அண்ணன் குனிந்துகொண்டே போனார். சாக்கடையைத் திருப்பியவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லேஅவுட் அப்படியே இருக்கிறது. எங்கள் வீடுகளைத்தான் இடித்தார்கள்.

கொள்ளேகால் போகிற டெம்போவில் மாதம்மா முதலில் ஏறிக்கொண்டாள். அண்ணன் மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார். "சாமி பார்த்துக்கும்ண்ணா" என்றேன்.

"சாமிய ஒண்ணும் சொல்லாதீங்க அம்மிணி," என்றார். "நிக்க வெச்சே கும்புட்டிருக்கலாம்."